பணிவு என்று எழுதாதீர்கள்

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸுகளுக்குச் சால்வை போர்த்தப்போகிறார்கள், அதில் நானும் ஒருத்தி என்று ஜெனிஃபர் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? முப்பத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளை ஒரு நாள் உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் கசக்குமா என்ன? அந்த நாலு வார்த்தையில்தான் வினை வந்தது.

ஜெனிஃபர் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சபையில் வாலிபர் கூட்டத்தின் செயலாளரும் அவள்தான் என்பதால் வாழ்த்து மடல் எழுதுகிற வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். எழுதியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “அன்பும் அடக்கமும் பணிவும் கீழ்ப்படிதலும் ஒருங்கே அமைந்த சகோதரி ரெஜினா அவர்களே” என்று ஆரம்பித்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். பணிவுதான். உடனே போன் போட்டேன்.

“ஜெனி, மடல்ல ஒண்ணு தப்பா இருக்கு.”

“ஐயோ, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா ஆன்ட்டி?”

“ஸ்பெல்லிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் தப்பு. பணிவுன்னு எழுதாத. அந்த எடத்துல திமிர்னு எழுது.”

அவள் சிரிசிரியென்று சிரித்தாள். “செம்ம ஆன்ட்டி! என் ஸ்கூட்டி பின்னாடி கூட அதான் ஒட்டியிருக்கேன், பாத்ததில்ல? ‘திமிரு புடிச்சவ’ன்னு.”

பார்த்திருக்கிறேன். மஞ்சள் எழுத்து, பக்கத்தில் ஒரு கூலிங் கிளாஸ் படம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசவேண்டியிருந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சொல்லோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். என் அப்பா கன்டோன்மென்ட்டில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். நான் நர்ஸிங் சேரப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வர அவரோடு அங்கே போனேன். அந்த வீட்டம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அப்பாவிடம்தான் சொன்னார்: “பொண்ணு நேருக்கு நேரா பாக்குறா. படிக்க வச்சா இன்னும் திமிர் ஏறும், பாத்துக்கோ.” நான் பார்த்தது அவர் முகத்தை. பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பது?

வேலைக்குப் போன பிறகு இந்தச் சொல் எங்கிருந்து எங்கே போகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். எப்போதும் மேலே இருந்து கீழேதான் வரும். டாக்டர் ட்ரேயைத் தூக்கி எறிந்தால் அவர் கோபக்காரர். “வேலையில அவ்வளவு கண்டிப்பு” என்று பெருமை வேறு. நர்ஸ் “ஏன் சார் எறியறீங்க” என்றால் அவளுக்குத் திமிர். வார்டு ஆயா தனக்கு வரவேண்டிய லீவைக் கேட்டால் திமிர். மருமகள் பசிக்கிறது என்று முதலில் உட்கார்ந்து சாப்பிட்டால் திமிர். கன்னடத்தில் சொக்கு என்பார்கள், எங்கள் தெரு பாய் வீடுகளில் திமாக். பெங்களூரில் எந்த மொழியிலும் இதற்குப் பஞ்சமில்லை.

மூன்று வருஷப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன், ஊசி போடக் கற்றேன், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கக் கற்றேன். மூன்றாவதற்குத்தான் மார்க் அதிகம். முடித்ததும் நகரத்தின் பழைய பகுதியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆறே மாதத்தில் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினார்கள்.

அங்கே தலைமை சர்ஜனை எல்லோரும் சீஃப் என்றுதான் சொல்வோம். மைசூர் பக்கத்துக்காரர். எங்கள் நர்ஸுகளிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். கை நல்ல கை, அதை இல்லை என்று சொன்னால் பாவம். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எடுப்பதை அவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பார். கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார், கையை மட்டும் நீட்டுவார். எது வேண்டும் என்று நமக்கே தெரியவேண்டும். தப்பானதை வைத்தால் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் போட்டுவிட்டு மறுபடியும் கையை நீட்டுவார். ரத்தம் துடைத்த துணியைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் வீசுவார், அது பக்கெட்டில் போய் விழவேண்டும். பெரும்பாலும் விழும். விழுந்தால் கூட நிற்கிற டாக்டர்கள் எல்லாம் சிரித்துவைக்க வேண்டும்.

அவருக்கு உயரம் குறைவு. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மரப்படி போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். அந்தப் படியைப் பச்சைத் துணியால் மூடி, அவர் உள்ளே வருவதற்கு முன்பே அட்டெண்டர் முனியப்பா கொண்டுவந்து வைத்துவிடுவார். சீஃப் அதில் ஏறும்போது நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்போம். அந்தப் படியைப் பற்றி ஒருத்தரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் அந்தத் தியேட்டரில் எல்லாவற்றையும் விட கெட்டியான சட்டம் அதுதான்.

எங்கள் வேலையில் முக்கியமானது எண்ணிக்கை. வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் வைக்கிற துணிக்கு மாப் என்று பெயர். இப்போது சீல் வைத்த பாக்கெட்டில் வருகிறது, எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி உள்ளே ஒரு நூலும் இருக்கிறது. அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. மத்தியானம் ஆயாக்களும் நாங்களும் உட்கார்ந்து கட்டுப்போடுகிற காஸ் துணியை மடித்துத் தைத்து, ஐந்து ஐந்தாகக் கட்டிவைப்போம். எக்ஸ்ரே எடுத்தாலும் அது தெரியாது. ஒரு மாப் உள்ளே தங்கிவிட்டதா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒரே வழி எண்ணுவதுதான்.

கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் ஒவ்வொரு கட்டையும் பிரித்து வாய்விட்டு எண்ணுவாள். வெளியே நிற்கிற நர்ஸ் அதை போர்டில் எழுதுவாள். பயன்படுத்திய மாப்களைப் பக்கெட்டிலிருந்து எடுத்து, தரையில் ரப்பர் ஷீட் விரித்து வரிசையாகப் பரப்புவாள். வயிற்றை மூடுவதற்கு முன் இரண்டு பேரும் எண்ணி, இரண்டு பேரும் “கரெக்ட் டாக்டர்” என்று சொல்லவேண்டும். அதன் பிறகுதான் தைக்கிற ஊசியைக் கையில் வைக்கவேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். அத்திபெலேயிலிருந்து சரோஜா என்று ஒரு பெண் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள், நாற்பது வயதிருக்கும். நான் கருவி எடுத்துக் கொடுத்தேன். வெளியே நின்று போர்டு எழுதியவள் பிலோமினா, என்னைவிடப் பத்து வருஷம் சீனியர். முடிக்கும்போது எண்ணினோம். இருபது மாப் எடுத்திருந்தோம், ஷீட்டில் பத்தொன்பது கிடந்தது.

பிலோமினா முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். “கட்டுல நாலுதான் இருந்திருக்கும்” என்றாள் மெதுவாக.

அப்படி நடப்பதும் உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் ஆயாக்கள் நாலை வைத்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு கட்டையும் நானே பிரித்து எண்ணியிருந்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. எனக்குத் தெரியும்.

“கவுண்ட்?” என்று சீஃப் கேட்டார்.

“கரெக்ட் டாக்டர்” என்றாள் பிலோமினா. அவர் என்னைப் பார்த்தார். அடுத்த கேஸுக்கு ஆள் வெளியே தயாராக இருந்தது. நான் “கரெக்ட் டாக்டர்” என்று சொல்லி ஊசியை அவர் கையில் வைத்தேன்.

கையுறையைக் கழற்றும்போது சீஃப் பிலோமினாவிடம் சொன்னார்: “ஒள்ளெ ஹுடுகி இவ. பணிவான பொண்ணு. கேள்வி கேக்கமாட்டா.” நல்ல பெண் என்று சீஃப் வாயால் வாங்கிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குக் காலே தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள்.

நாற்பது நாள் கழித்து சரோஜா காய்ச்சலோடு திரும்பி வந்தாள். வயிற்றில் ஒரு கெட்டி. மறுபடியும் திறந்தார்கள், நான்தான் கருவி எடுத்துக் கொடுத்தேன். சீஃப் உள்ளே இருந்து அந்த மாப்பை எடுத்தார். அன்றைக்கு அவர் தோளுக்கு மேலே வீசவில்லை. படியை விட்டு இறங்கி, துண்டில் சுற்றி, தானே பக்கெட்டில் போட்டார். கேஸ் ஷீட்டில் சீழ்க்கட்டி என்று எழுதினார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டவேண்டி வந்தது, ஒரு மாசத்துக்கு மேல் வார்டில் கிடந்தாள்.

உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஒரு நாள் என்னைத் தேடிக்கொண்டு அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய கனகாம்பரம். “நீங்கல்லாம் இல்லன்னா நான் செத்துப் போயிருப்பேன் சிஸ்டர். இதை வச்சுக்கோங்க” என்றாள். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னேனா? சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. அவள் இப்போது இருக்கிறாளா இல்லையா என்று கூட எனக்குத் தெரியாது.

அதற்கு ஒன்பது வருஷம் கழித்து நடந்ததைத்தான் என் திமிர் என்று இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்.

குடல் அடைப்பு கேஸ். ஐம்பது வயதுத் தையற்காரர் ஒருவர். காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. சீஃப் படிமேல், நான் அவருக்கு எதிரே. போர்டு எழுதியது ஒரு புது நர்ஸ். பிலோமினா அதற்குள் நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் ஆகி ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள். இருபத்தைந்து மாப் உள்ளே போனது. மூடுவதற்கு முன் எண்ணினால் இருபத்திநாலு.

“கவுண்ட்?”

“ஒண்ணு குறையுது சார்.”

“மறுபடி எண்ணு.”

எண்ணினோம். இருபத்திநாலுதான். சீஃப் கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் நான் ஒன்றும் வைக்கவில்லை.

“ஊசி” என்றார். பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு நின்றிருக்கிறேன், அவர் ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

“கவுண்ட் சரியில்ல சார்.”

“கட்டுல நாலுதான் இருந்திருக்கும்.”

அதே வார்த்தை.

“நான் பிரிச்சு எண்ணினேன் சார். எல்லாத்துலயும் அஞ்சு இருந்திச்சு. உள்ள இன்னொரு வாட்டி பாருங்க.”

“பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல.”

தலைமாட்டிலிருந்து மயக்க டாக்டர் சொன்னார்: “பிபி எறங்குது சார். சீக்கிரம் முடிச்சா நல்லது.”

திறந்த வயிற்றோடு ஒவ்வொரு நிமிஷமும் அந்த ஆளுக்கு ஆபத்து என்று தெரியாதவள் இல்லை நான். மூடிவிட்டால் இந்த நிமிஷத்து ஆபத்து போகும். நாற்பது நாள் கழித்து வரப்போவதை யார் பார்ப்பது? ஊசி என் கையில்தான் இருந்தது. நான் கையை மார்போடு வைத்துக்கொண்டேன்.

“இங்கெ யாரு சர்ஜன்? நீனா, நானா?”

“நீங்கதான் சார். எண்ணறது நான்.”

“எஷ்டு சொக்கு நினகெ! திமிர் புடிச்ச பொண்ணு!” என்று கத்தினார். சொக்கு, திமிர், இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டேன். கூட நின்ற டாக்டர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சார், அத்திபெலே” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் கண் என் கண்ணில் ஒரு நொடி நின்றது. அப்புறம் கையை உள்ளே விட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு மூலையாக, ஈரலுக்குப் பின்னால், இடுப்புக்குழியில், பொறுமையாகத் தேடினார். அவர் கை எவ்வளவு நல்ல கை என்று அப்போதும் பார்த்தேன். உள்ளே இல்லை.

“இல்ல. போதுமா?”

அதற்குள் முனியப்பாவும் புது நர்ஸும் மேஜைக்கு அடியில், அழுக்குத் துணி மூட்டையில், உறிஞ்சு மெஷினுக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டார்கள். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அது எல்லோருக்கும் தெரியும். முனியப்பா அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். யாருக்கும் வாய் வரவில்லை. ஊசியைக் கொடுக்காமல் இருந்ததை விட இதைச் சொல்லத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

“சார், கீழ எறங்குங்க” என்றேன்.

இறங்கினார். தரையில் நின்றபோது அவர் தலை என் தோளுக்குத்தான் வந்தது. அன்றைக்கு யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை, பார்க்க மறந்துவிட்டோம். முனியப்பா படியை இழுத்து, குனிந்து, கையை விட்டார்.

“சிக்து சிஸ்டர், சிக்து!” என்று கத்தினார். கிடைத்துவிட்டது. பக்கெட்டுக்குப் போகாமல் தரையில் விழுந்து, படிக்கு அடியில் சறுக்கிப் போய், ரத்தத்தோடு தட்டையாக ஒட்டிக்கிடந்தது. அவரே வீசியது, அவர் காலடியிலேயே இருந்திருக்கிறது.

“கவுண்ட் கரெக்ட் சார்” என்று சொல்லி ஊசியைக் கொடுத்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். தையற்காரர் பன்னிரண்டாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதை இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஊசியைக் கொடுத்திருக்கமாட்டேன்.

இரண்டு நாளில் மெமோ வந்தது. தலைமை சர்ஜனுக்கு ஊசி தர மறுத்தது, எல்லோர் முன்னிலும் அவரைப் படியிலிருந்து இறங்கச் சொன்னது, நோயாளியை ஆபத்தில் வைத்தது என்று மூன்று குற்றம். கடைசி வரியில் இங்கிலீஷில் ‘இன்சலன்ஸ்’ என்று ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான அதே சொல்தான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது. அத்திபெலே என்ற ஊர்ப் பெயர் மட்டும் அந்த மெமோவில் எங்கேயும் இல்லை.

பிலோமினா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

“ரெண்டே வரி எழுதிக் குடு ரெஜினா. நான் பாத்துக்கறேன். தியேட்டர் இன்சார்ஜ் போஸ்ட் உனக்குத்தான்னு முடிவாயிருக்கு, கெடுத்துக்காத.”

“என்னன்னு எழுதணும் மேடம்?”

“தவறா நடந்துக்கிட்டேன், மன்னிக்கணும்னு.”

“எது மேடம் தவறு? எண்ணினதா?”

“மாப் உள்ள இல்லல்ல? அப்ப நீ சொன்னது தப்புதானே?”

“உள்ள இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. ஒண்ணு குறையுதுன்னுதான் சொன்னேன். அத்திபெலே பொம்பளைக்கு உள்ள இருந்துச்சு. அன்னிக்கு ரெண்டு பேரும் கரெக்ட்னு சொன்னோமே, அது சரியா?”

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, “இவ்வளவு திமிர் இருந்தா உன்ன யாராலயும் காப்பாத்த முடியாதுடி” என்றாள். குரலில் கோபமே இல்லை, தளர்ச்சிதான் இருந்தது. நான் தாளை அப்படியே வெள்ளையாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

தியேட்டர் போயிற்று. வெளிநோயாளிகளுக்குக் கட்டுப்போடுகிற அறைக்கு மாற்றினார்கள். சீஃப் ரிடையராகும்வரை ஆறு வருஷம் அங்கே புண் துடைத்தேன். முதல் மாசம் தினமும் பாத்ரூமில் போய் அழுதேன். தியேட்டர் வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்சார்ஜ் போஸ்ட் என்னை விட ஜூனியருக்குப் போனது. அப்போது கூட மன்னிப்புக் கடிதம் எழுத மனசு வரவில்லை, அவர்களும் வற்புறுத்தி ஓய்ந்துபோனார்கள்.

ஒரு நாள் முனியப்பா கையில் வெந்நீர் பட்டுக் கட்டுப்போட வந்தார். “சிஸ்டர், சீஃப் இப்போ மூடறதுக்கு மின்ன தானே கீழ எறங்கி, ஸ்டூல தள்ளி பாக்கறாரு. யாரும் சொல்லவே வேணாம்” என்றார். கட்டுல நாலுதான் இருந்திருக்கும் என்று அந்தத் தியேட்டரில் அப்புறம் யாரும் சொல்லவில்லையாம். சீஃப் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முனியப்பா கைக்கு அன்றைக்கு ரொம்ப நன்றாகக் கட்டுப்போட்டு அனுப்பினேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜெனிஃபர் சொன்னாள்: “இப்ப இதுக்கு எங்களுக்கு ட்ரெயினிங்கே குடுக்கறாங்க ஆன்ட்டி. தப்பு நடந்தா யாரா இருந்தாலும் சொல்லுங்க, அசர்ட்டிவா இருங்கன்னு. சுவர்ல போஸ்டர் கூட இருக்கு.”

“நல்லதுதானே. சொல்றியா?”

“போன வாரம் சொன்னேன். பேஷண்ட் பேர இன்னொரு தடவ செக் பண்ணலாம் டாக்டர்னு. ‘ஏன்மா அட்டிட்யூட் காட்டற?’ன்னாரு.”

“யாரு?”

“அந்த ட்ரெயினிங் எடுத்தவருதான்.”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆக, சொல் புதுச்சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. போஸ்டரில் இருக்கும்போது அசர்ட்டிவ், நர்ஸ் வாயிலிருந்து வந்தால் அட்டிட்யூட். ஸ்கூட்டியில் ஒட்டினால் ஸ்டைல். ஒட்டட்டும், நான் குறை சொல்லமாட்டேன். பெயர் செக் பண்ணச் சொன்ன அன்றைக்குத்தான் அவள் அந்த ஸ்டிக்கருக்குச் சொந்தக்காரி ஆனாள் என்று அவளிடமே சொன்னேன்.

ஜெனிஃபர் போய்க் கமிட்டியில் கேட்டாள். பாஸ்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சபையில் திமிர் என்று எழுதினால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், வேண்டுமானால் தைரியம் என்று போடலாமே என்றாராம். நான் வேண்டாம் என்றேன். தைரியம் என்பது எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு உட்கார்ந்து கொடுக்கிற பெயர். செய்துகொண்டிருக்கும்போது அதற்குத் திமிர் என்றுதான் பெயர். எனக்குத் தைரியத்துக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. இந்த இழுபறி முடிவதற்குள் மடலை அச்சடித்துக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். பணிவு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். ஜெனிஃபர்தான் மடலை வாசித்தாள், பணிவு வந்த இடத்தில் அவள் குரல் உள்ளே போய்விட்டது. முடிந்ததும் நான் மைக்கை வாங்கினேன். ஒரு நிமிஷம் நன்றி சொல்வேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அத்திபெலே சரோஜாவைப் பற்றிச் சொன்னேன். எண்ணினதும் பத்தொன்பது இருந்ததும் நான் கரெக்ட் என்று சொன்னதும், கனகாம்பரத்தை வாங்கிக்கொண்டதும் எல்லாம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரரிடம் கூட முழுதாகச் சொன்னதில்லை. நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினேன்.

“என்னைப் பணிவான பொண்ணுன்னு ஒருத்தர் சொன்னது வாழ்க்கையில ஒரே ஒரு நாள். அன்னிக்கு ஒரு பொம்பள வயித்துக்குள்ள துணிய வச்சுத் தெச்சு அனுப்பினோம். அந்த நாளுக்காகத்தான் இந்த மடல்னா எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கோங்க.”

மடலை மேஜை மேல் வைத்தேன். சால்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது நல்ல சால்வை.

பின் வரிசையில் யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, கூட யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். நான் கைப்பிடியைப் பிடித்து மேடையிலிருந்து மெதுவாக இறங்கினேன். முதல் வரிசையைத் தாண்டும்போது பாஸ்டரம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “என்னா திமிரு பாத்தீங்களா இந்தம்மாவுக்கு!” என்றது காதில் விழுந்தது.

நான் நின்று, திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“அதத்தாம்மா எழுதச் சொன்னேன்” என்றேன்.